மிராசும் காணியும்: காஞ்சி நெடுஞ்சாலையோர நிலத்தின் வரலாறு

தொண்டைநாட்டின் தலைநகராகிய காஞ்சியையும் கீழைக் கடற்கரையையும் இணைத்த வழிகளுள், பூவிருந்தவல்லி, திருப்பெரும்பூதூர், சுங்குவார்சத்திரம் ஆகிய ஊர்களைத் தொட்டுச் செல்லும் நெடுஞ்சாலை தனிச்சிறப்புடையது. 1017ஆம் ஆண்டில் இராமாநுசர் தோன்றிய திருப்பெரும்பூதூரை நாடி அடியார்கள் நடந்த வழி அது. கோல்கொண்டாப் படைகளும், ஆர்க்காட்டு நவாபின் பரிவாரங்களும், கிழக்கிந்தியக் கும்பினியின் பட்டாளங்களும் அவ்வழியே சென்றன. வழிநடையாளர்க்குத் தங்குமிடம் தந்த சத்திரம் ஒன்றின் பெயரே இன்று ஓர் ஊரின் பெயராக நிற்கிறது. இச்சாலையின் தென்புறத்தே, திருப்பெரும்பூதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பு, 1990களின் பிற்பகுதி தொடங்கி மகிழுந்து, கைப்பேசி, கனரக வண்டி முதலியவற்றை ஆக்கும் தொழிற்சாலைகளின் நிலமாக மாறிவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998இல் மகிழுந்து உற்பத்தியைத் தொடங்கியது. அதற்கு முன் இப்பகுதியில் என்ன இருந்தது என்று வகுப்பில் கேட்டால், 'ஒன்றுமில்லை ஐயா, பொட்டல்தான்' என்னும் விடையே பெரும்பாலும் வருகிறது.

அவ்விடை சரியன்று. அமெரிக்கா முதலிய நாடுகளில் பழைய வழித்தடங்களை அடுத்திருந்த பண்ணைகள் சிலவற்றை, வீடும் களமும் கிணறும் மாறாமல் காத்து, அந்நிலத்தின் தொல்குடிகள் யார், பின்வந்து குடியேறியோர் யார் என்பதைப் பலகையில் எழுதி வைப்பர். நம் காஞ்சி நெடுஞ்சாலையோரத்தில் அவ்வாறு வேலியிட்டுக் காத்த பண்ணை எதனையும் யாம் காணோம். ஆயினும் இங்கிருந்த வேளாண்மை சுவடின்றிப் போய்விடவில்லை. ஏரிகளிலும், ஓலைக் கணக்குகளிலும், நிலத்தைப் பற்றி நாம் நாள்தோறும் வழங்கும் சொற்களிலும் அது தங்கியிருக்கிறது. இவற்றுள் சொற்களே தமிழ் பயில்வார்க்கு நெருக்கமானவை. ஆதலின் இக்கட்டுரை சொற்களைப் பற்றிக்கொண்டு நிலத்தை நோக்குகிறது. அச்சொற்களுள் ஒருபாதி தமிழ். மறுபாதி அரபும் பாரசீகமும். அவை யாரை நிலத்துக்கு உரியவர் என்றன, யாரை விட்டுவிட்டன என்பதே ஈண்டு நாம் காணவேண்டிய செய்தி.

காணி

'காணி' என்னும் சொல்லுக்குப் பொருள் மூன்று. கீழ்வாய் இலக்கத்தில் அஃது எண்பதில் ஒரு பங்கு. நில அளவையில், செங்கற்பட்டு வழக்கின்படி, இருபுறமும் 24 அடி கொண்ட சதுரம் ஒரு குழி. 100 குழி ஒரு காணி. அஃதாவது 57,600 சதுர அடி. ஏக்கர்க் கணக்கில் 1.32. பாரதியார் பராசக்தியிடம் வேண்டிய நிலம் இவ்வளவே என்பதை மாணவர்க்குச் சொன்னால் வியப்படைகின்றனர். அவர்கள் கேட்டறிந்தவை எல்லாம் நூறு ஏக்கர், ஆயிரம் ஏக்கர் என்னும் தொழிற்பேட்டைக் கணக்குகள் அல்லவா!

மூன்றாம் பொருளே வரலாற்றில் முதன்மையானது. காணி என்பது வழிவழியாக வரும் நிலவுரிமை. அதனை ஆள்வது காணியாட்சி, உடையவர் காணியாளர். இவ்வுரிமை 'இந்த வயல் என்னுடையது' என்று வரப்பைச் சுட்டிக் காட்டும் உரிமை அன்று. ஊரின் நிலம் முழுமையும் இத்தனை பங்கு என வகுக்கப்பட்டிருக்கும். ஒருவர்க்கு இரண்டு பங்கு, மற்றொருவர்க்கு அரைப் பங்கு என இருக்கலாம். பல ஊர்களில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கரையீடு என்னும் முறையால் வயல்களை மாற்றிப் பகிர்ந்துகொண்டனர். நிலையாகப் பிரித்துக்கொண்ட ஊர்களில் அதனை அறுதிக்கரை என்றனர். பங்குடையவர்க்கு நஞ்சை, புஞ்சை மட்டுமன்றி மனை, தோப்பு, தரிசு, ஏரிமீன் ஆகியவற்றிலும் பாத்தியம் உண்டு. பங்கினை விற்கலாம், ஒற்றி வைக்கலாம்.

இம்முறை இங்கு வேரூன்றியதற்கு ஏரியே காரணம் எனலாம். வற்றாத ஆறு எதுவும் இவ்வட்டாரத்தில் இல்லை. பாலாறும் பெரும்பாலும் மணலாறே. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையைத் தேக்கினால்தான் விளைச்சல். எனவே சரிந்து செல்லும் நிலத்தில் கரைகட்டி, மேலேரியின் கலங்கல் வழியே வழியும் நீர் கீழேரிக்குச் செல்லுமாறு ஏரிகளைச் சங்கிலியாகக் கோத்தனர். இன்று சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரி அவற்றுள் பெரியது. அதன் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. ஏரிநீர் ஒருவர்க்கே உரியதாக இருத்தல் இயலாது. கரை உடைந்தால் ஊரே அழியும். ஆதலின் மண் வெட்டுவதும் மதகு திறப்பதும் ஊர்ப்பொதுவாயின. நிலமும் பங்குமுறையில் நின்றது.

இவ்வட்டாரத்துக்குத் தெற்கே அமைந்த உத்தரமேரூரில் முதற்பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியன, குடவோலைத் தேர்தலை விரித்துரைக்கின்றன. ஏரிவாரியத்தை நாம் பெருமையோடு பாடம் நடத்துகிறோம். பெருமை கொள்ளத்தக்கதே. ஆனால் வாரியப் பெருமக்களாதற்கு, இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருத்தல் வேண்டும், தன் மனையில் வீடு கட்டியிருத்தல் வேண்டும், வேதம் அறிந்திருத்தல் வேண்டும் என்னும் விதிகளும் அக்கல்லிலேயே உள்ளன. மண் சுமந்து கரை உயர்த்தியவர் பெயர் குடத்துக்குள் சென்றிருக்க வழியில்லை. இதனையும் சேர்த்துக் கற்பிப்பதே முறை.

காணியாளர்கள் தம் உரிமைக்கு ஒரு தொன்மக் கதையையும் கொண்டிருந்தனர். காடாக இருந்த தொண்டைநாட்டைக் குறும்பர் ஆண்டனர் எனவும், ஆதொண்டைச் சோழன் அவர்களை வென்று வேளாளரைக் கொணர்ந்து குடியேற்றினான் எனவும் அக்கதை கூறும். காலின் மெக்கன்சியின் உதவியாளர்கள் இக்கதையின் வடிவங்கள் பலவற்றைத் திரட்டினர். இதனை வரலாறாகக் கொள்வதைவிட, உரிமை ஆவணமாகக் கொள்வதே பொருந்தும். ஆட்டு மந்தையோடு இருந்த பழங்குடி ஒன்று முன்னர் இருந்தது, பின்வந்தோர் அதனை அகற்றினர் என்பதைப் பின்வந்தோர் வழியினரே ஒப்புக்கொள்ளும் கதை அது.

ஜாகீர்

ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா, தாம் பட்ட கடனுக்கும் பெற்ற படையுதவிக்கும் ஈடாக, சென்னையைச் சூழ்ந்த நிலப்பரப்பை 1763இல் கும்பினிக்கு ஜாகீராக அளித்தார். 1765இல் முகலாயப் பேரரசர் ஷா ஆலம் அதனை உறுதிசெய்தார். 'ஜா' என்பது பாரசீகத்தில் இடம். 'கீர்' என்பது பற்றியிருப்பவர். பிற்காலச் செங்கற்பட்டு மாவட்டம் நெடுங்காலம் 'ஜாகீர்' என்னும் பெயராலேயே வழங்கியது. வேடிக்கை என்னவெனில், பெற்ற ஜாகீரைக் கும்பினி 1780 வரை நவாபுக்கே குத்தகைக்கு விட்டிருந்தது. கொடுத்தவரே குத்தகைதாரர்!

இவ்விடைக்காலத்தில்தான் நமக்குப் பெரும்பேறாக அமைந்த பணி ஒன்று நிகழ்ந்தது. தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் 1767 முதல் 1774 வரை ஜாகீரின் ஊர்களை, இரண்டாயிரத்தை ஒட்டிய எண்ணிக்கையில், அளந்து கணக்கெடுத்தார். அவர் அளந்தார் என்று சொல்லுகிறோமாயினும், எழுதியவர்கள் ஊர்க்கணக்கர்களே. ஓலையில், தமிழில், தமிழ் எண்களில் அவர்கள் எழுதினர். எத்தனை வீடு, எவ்வெவ் வகுப்பார், நஞ்சை எவ்வளவு, புஞ்சை எவ்வளவு, ஏரி, குளம், தோப்பு, மேய்ச்சல் தரை எவ்வளவு, விளைந்த நெல்லில் யார்யாருக்கு எவ்வளவு என்பன அக்கணக்குகளில் உள்ளன. ஆங்கிலச் சுருக்கம் சென்னை ஆவணக் காப்பகத்தில் உள்ளது. ஓலைகளுள் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் காக்கப்பட்டுள்ளது. காந்தியச் சிந்தனையாளர் தரம்பால் இவற்றின் மதிப்பை உணர்த்தினார். அவரைத் தொடர்ந்தோர், வாலாஜாபாத்தை அடுத்த உள்ளாவூர் போன்ற ஊர்களின் ஓலைகளைத் தனித்தனியே ஆராய்ந்தனர். வேலியிட்டுக் காத்த பண்ணை நம்மிடம் இல்லையெனினும் நூலிட்டுக் கட்டிய பண்ணை உண்டு என்று யான் மாணவர்க்குக் கூறுவது இதனாலேயே.

கணக்கெடுப்பு முடிந்து ஆறே ஆண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று. 1780இல் ஹைதர் அலி கர்நாடகத்தின்மேல் படையெடுத்தார். அவ்வாண்டு செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிக்கு அருகே புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை ஹைதராலும் திப்புவாலும் முறியடிக்கப்பட்டது. அவ்வெற்றியைச் சீரங்கப்பட்டணத்து மாளிகைச் சுவரில் ஓவியமாகத் தீட்டினர். சுவரோவியத்தில் யானையும் பீரங்கியும் உண்டு, உழவர் இல்லை. படைகள் இரண்டும் மாறிமாறிக் கடந்த இந்நாட்டில் குடிகள் ஊர்களை விட்டு ஓடினர், கரைகள் உடைந்து கிடந்தன, பஞ்சம் சூழ்ந்தது. திப்புவின் வீரத்தைப் போற்றுவோர் இதனை மறைத்தல் ஆகாது. கும்பினியின் பேராசையைக் கண்டிப்போரும் மறைத்தல் ஆகாது.

1794 முதல் 1798 வரை ஜாகீரின் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ், ஏரிகளைச் செப்பனிடுவதில் முனைந்தார். மதுராந்தகம் ஏரிக்கரையை மழையிரவில் இராமரும் இலக்குவரும் நின்று காத்ததை அவர் கண்டார் என்னும் கதை 'ஏரி காத்த இராமர்' கோயிலோடு இணைந்துள்ளது. அக்கோயிற் கல்வெட்டு அவரைக் 'கும்பினி ஜாகீர் கலெக்டர்' என்றே குறிக்கிறது. இராமர் கோயிற் கல்லில் பாரசீகச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் தமிழ் எழுத்தில் அமர்ந்திருப்பது மொழி வரலாற்று மாணவர் நேரிற் சென்று காணத்தக்கது. பிளேஸ் ஏரியைப் பேணினார்; ஆனால் காணியாளர்களோடு ஓயாது மோதினார். வரிக்கு இசையாதவரை அகற்றவும் தயங்கவில்லை. அம்மோதலில் எழுந்த வினாவே அடுத்த இருபது ஆண்டுகள் அரசினரை அலைக்கழித்தது: நிலம் யாருடையது? அரசுடையதா, காணியாளருடையதா?

மிராசு

இவ்வினாவுக்கு விடைகூற முற்பட்டவர், திருக்குறளுக்கு உரை கண்டவராக நாம் அறிந்த எல்லிஸ் துரையே. பிரான்சிஸ் வைட் எல்லிஸ் 1810 முதல் சென்னைக் கலெக்டர்; 1812இல் தொடங்கிய கோட்டைக் கல்லூரிக்கு மூலவர்; தென்னாட்டு மொழிகள் தனிக்குடும்பம் என்பதைக் கால்டுவெல்லுக்கு நாற்பது ஆண்டுகள் முன்பே 1816இல் எடுத்துக்காட்டியவர். மிராசுரிமை பற்றி அரசு விடுத்த வினாக்களுக்கு அவர் எழுதிய விடைகள் 1818இல் நூலாயின. சங்கரய்யா முதலிய தமிழறிந்த அலுவலர்கள் அப்பணியில் துணைநின்றனர். கல்வெட்டும் செப்பேடும் விலையோலையும் சான்றுகளாக வந்தன. நிலத்தீர்வை பற்றிய அரசாங்க நூலொன்று தமிழ்ச் சொல்லாராய்ச்சி நூலாகவும் அமைந்த விந்தை அது. எல்லிஸ் மறு ஆண்டே மறைந்தார்.

காணியாட்சி என்பதே மிராசு என்பது அவர் முடிபு. 'மிராசு' அரபுச் சொல். 'வாவ், ரே, ஸே' என்னும் வேரெழுத்துகளிலிருந்து பிறந்த 'மீராஸ்', இறந்தவரிடமிருந்து உரியவர்க்கு வந்து சேரும் சொத்தைக் குறிக்கும். அவ்வேரிலிருந்தே 'வாரிஸ்' வந்தது. அதுவே நாம் வழங்கும் 'வாரிசு'. ஆகவே மிராசும் வாரிசும் உடன்பிறந்த சொற்கள். வழிவழி உரிமை என்னும் காணியின் பொருளுக்கு இதனினும் பொருத்தமான அரபுச் சொல் கிடைத்திராது. மொழிபெயர்த்த அந்த அறியப்படாத முன்ஷி தமிழும் நன்கறிந்தவராதல் வேண்டும்.

எனினும் பெயர்ப்பில் ஒன்று தவறிப்போயிற்று. மதரசாவில் ஓதிய சிறுவனும் அறிவான், 'மீராஸ்' என்றால் மகளுக்கும் மனைவிக்கும் தாய்க்கும் குறிப்பிட்ட பங்கு உண்டென்று. தமிழூர்களில் வழங்கிய 'மிராசு' அப்பங்கினை உடன்கொண்டு வரவில்லை. முஸ்லிம் குடும்பங்களிலும் இதுவே நிலை. 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விளைநிலத்தை விலக்கியே வைத்தது. சென்னை மாகாணம் 1949இல் அவ்விலக்கை நீக்கிய பின்னரே வயலிலும் மகளின் பங்கு சட்டப்படி உறுதியாயிற்று. இந்துப் பெண்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்குரிமை தமிழ்நாட்டில் 1989இல் வந்தது. சட்டம் வந்தது, பட்டாவில் பெயர் வந்ததா என்பதை ஒவ்வொரு வீட்டாரும் தம் பத்திரப் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

மிராசைப் போலவே அரபு, பாரசீக வழிவந்த நிலச்சொற்கள் தமிழில் மிகப்பல. ஒருசிலவற்றை மட்டும் சுட்டுவன். 'ரயத்து' என்பது மேய்த்துக் காக்கப்படுவோர் எனப் பொருள்படும் 'ரஈய்யத்' என்பதன் திரிபு. ஒவ்வொருவரும் தம் பொறுப்பில் உள்ளோர்க்கு மேய்ப்பர் என உணர்த்தும் நபிமொழியில் வரும் சொல்லும் அதுவே. 'கிஸ்தி' என்பது தவணை. 'பசலி' என்பது அறுவடைப் பருவத்தால் எண்ணும் ஆண்டு. கிறித்துவ ஆண்டிலிருந்து 590 கழித்தால் அவ்வாண்டு ஜூலை முதல் நாளில் தொடங்கும் பசலி கிடைக்கும். 'மகசூல்', 'தாசில்' ஆகிய இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை என்பது பலரும் அறியாதது. உழவன் களத்தில் திரட்டுவது மகசூல், அதிலிருந்து அரசு திரட்டுவது தாசில், திரட்டுபவர் தாசில்தார். அரசின் பசியையும் உழவனின் உழைப்பையும் ஒரே வேர் தாங்கி நிற்கிறது.

சுதந்திரம்

ஓலைக் கணக்குகளில் பயிலும் சொற்களுள் இன்றைய மாணவரைப் பெரிதும் திகைக்கச் செய்வது 'சுதந்திரம்'. 'சுவந்திரம்' எனவும் எழுதுவர். அங்கு அதற்கு விடுதலை என்னும் பொருள் இல்லை. களத்தில் நெற்குவியலை அரசின் மேல்வாரம், குடியின் குடிவாரம் எனப் பிரிக்குமுன், ஊர்த்தொழில் செய்வோர்க்கு அளந்து கொடுக்கும் பங்கே சுதந்திரம். கணக்கர், தலையாரி, தச்சர், கொல்லர், குயவர், வண்ணார், நாவிதர், ஏரிநீர் பாய்ச்சும் கம்புகட்டி, வெட்டியான் ஆகியோர்க்கும் கோயிலுக்கும் இவ்வாறு நெல் சென்றது. வரிக்கு முந்தியது இப்பங்கு என்பது கருதத்தக்கது.

இதனைக் கண்டு, பழைய ஊர் ஒரு பொன்னுலகம் என்று முடிவுகட்டுவோர் உண்டு. யான் அவ்வளவு தூரம் செல்ல விரும்பவில்லை. வெட்டியானைக் காண்க. பறையர் குலத்தைச் சேர்ந்த அவரே ஊரின் எல்லைகளை அறிந்தவர். எல்லைத் தகராறு எழுந்தால், தலையில் நீர்க்குடம் சுமந்து அவர் நடந்து காட்டும் கோட்டையே இருதரப்பாரும் ஏற்பர் என்று பழைய பதிவுகள் கூறுகின்றன. எல்லோருடைய எல்லையையும் அறிந்த அவருக்கு, எல்லையிட்டுக் காட்ட ஒரு குழி நிலமும் இல்லை. களத்துமேட்டில் அவர்க்குச் சுதந்திரம் உண்டு, காணி இல்லை. பண்ணையாட்களோ நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டனர். அடிமைமுறைக்குச் சட்ட ஏற்பு நீங்கியது 1843இல்தான். எல்லிஸும் இவ்வடிமை நிலையைக் கண்டு எழுதியவரே. ஆனால் நிலம் யாருடையது என்னும் வினாவில் அவர்களை அவர் ஒரு தரப்பாகக் கொள்ளவில்லை.

சைதாப்பேட்டைப் பண்ணை

ஆங்கிலேயர் தாமே ஒரு பண்ணையையும் நிறுவினர். ஆளுநர் வில்லியம் டெனிசன் காலத்தில், 1865இல், சைதாப்பேட்டையில் 350 ஏக்கர்ப் பரப்பில் சோதனைப் பண்ணை தொடங்கியது. நீராவிக் கலப்பை முதல் விதைப்புக் கருவி, கதிரடிக்கும் பொறி வரை இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கின. பர்னார்டின் காலத்தில் துரைமார் ஊராரிடம் கேட்டு எழுதிக்கொண்டனர். நூறாண்டு கழித்து ஊரார்க்குக் கற்பிக்க முற்பட்டனர். கனத்த கலப்பையை இழுக்க நம் மாடுகளால் ஆகவில்லை. வாங்கக் குடிகளிடம் பணமும் இல்லை. ஆயினும் அங்குத் தோன்றிய வேளாண் பள்ளி கல்லூரியாக வளர்ந்து, 1906இல் கோயம்புத்தூருக்குப் பெயர்ந்து, இன்றைய வேளாண் பல்கலைக்கழகத்துக்கு வித்தாயிற்று. இந்திய வேளாண்மையை ஆராய வந்த வோல்க்கர் என்னும் வேதியியல் அறிஞர் 1893இல் வெளியான தம் அறிக்கையில், இந்நாட்டு உழவரின் திறமையைப் பாராட்டி, அவர்க்கு வேண்டுவது நீரும் எருவும் போன்ற வாய்ப்புகளே என்னும் கருத்துப்பட எழுதினார்.

தர்க்காஸ்து

வோல்க்கர் நாட்டைச் சுற்றிய அதே காலத்தில், செங்கற்பட்டில் வேறோர் அறிக்கை உருவாயிற்று. பொறுப்புக் கலெக்டராயிருந்த டிரெமன்கீர் 1891இல் இம்மாவட்டத்துப் பறையர் நிலைபற்றி அரசுக்கு எழுதினார். ரயத்துவாரி முறையில் தரிசு நிலம் வேண்டுவோர் விண்ணப்பம் கொடுத்துப் பெறலாம். அவ்விண்ணப்பமே 'தர்க்காஸ்து', பாரசீகச் சொல். சட்டத்தின் முன் யாவரும் விண்ணப்பிக்கலாம். நடைமுறையிலோ, ஒரு பறையர் தர்க்காஸ்து கொடுத்தால், 'இவ்வூர்த் தரிசு எம் மிராசு, முன்னுரிமை எமக்கே' என மிராசுதார் மறிப்பார். அவர் குடியிருக்கும் மனையும் மிராசுதாருடையதே. மனையை விட்டு எழுந்திரு என்று ஒரு சொல் போதும், தர்க்காஸ்து திரும்பப் பெறப்படும். எல்லிஸ் அரும்பாடுபட்டு நிலைநாட்டிய மிராசுரிமை, எழுபது ஆண்டுகளில் உழைப்பாளியின் வாயிலை அடைக்கும் தாழ்ப்பாளாக மாறியதை டிரெமன்கீர் எடுத்துக்காட்டினார்.

அதன் பயனாக 1892ஆம் ஆண்டு அரசாணையின்வழி ஒடுக்கப்பட்டோர்க்கென நிலம் ஒதுக்கப்பட்டது. பஞ்சமி நிலம் என நாம் வழங்குவது இதனையே. பத்தாண்டுகளுக்கு விற்றல் கூடாது. பின்னர் விற்பினும் ஒடுக்கப்பட்டோர்க்கே விற்றல் வேண்டும் என்பது நிபந்தனை. நிபந்தனை ஏட்டிலிருந்தது, நிலம் பல இடங்களில் கைமாறிப் போயிற்று. 1994இல் காரணை ஊரின் பஞ்சமி நிலத்துக்காக நடந்த போராட்டத்தில், அக்டோபர் 10ஆம் நாள் செங்கற்பட்டில் காவலர் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிர்நீத்தனர். நூறாண்டுக்கு முந்தைய ஓர் அரசாணையின் சொல்லுக்காக நேர்ந்த உயிரிழப்பு அது.

புறம்போக்கு

'புறம்போக்கு' தூய தமிழ்ச்சொல். ஆங்கிலத்துக்கும் சென்ற சொல். தீர்வைக்குப் புறம்பாகப் போக்கப்பட்ட நிலம் என்பது பொருள். ஏரி, வாய்க்கால், களம், மேய்க்கால், இடுகாடு, பாதை யாவும் இதிலடங்கும். தீர்வை இல்லையாதலால் பயனும் இல்லை என்று யாரும் முன்பு கருதியதில்லை. ஓலைக் கணக்கில் இவை பெயரோடும் அளவோடும் உள்ளன. இன்றோ இச்சொல் வசைச்சொல்லாகிவிட்டது. 'சும்மா கிடக்கும் நிலம்' என்னும் பொருள் ஏறிவிட்டது. வகுப்பில் மாணவர் கூறிய 'பொட்டல்' என்பதும் இதன் தொடர்ச்சியே. மேய்க்காலிலும் கால்வாயிலும் மண் நிரம்பினால் என்ன நேரும் என்பதை 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் நிரம்பி அடையாற்றில் வெள்ளம் பெருகிய நாள்களில் சென்னை மாநகரம் கண்டது.

தொழிற்சாலைகள் வருதலை யான் வெறுப்பவன் அல்லன். எம் கல்லூரியில் பயின்றோர் பலர் அங்குப் பணிபுரிந்து குடும்பத்தைத் தாங்குகின்றனர். வினா வேறு. நிலம் எடுக்கப்படும்போது பட்டாவில் பெயருடையவர்க்கு இழப்பீடு கிடைக்கும். குத்தகைக்கு உழுதவர், நாற்று நட்டவர், ஏரித் தாங்கலில் ஆடு மேய்த்தவர் எந்த ஏட்டில் உள்ளனர்? 2013ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் இதற்கு விடைகாண முயன்றது. நிலமில்லாவிடினும், மூன்றாண்டுகள் அந்நிலத்தையே வாழ்வாதாரமாகக் கொண்டிருந்த தொழிலாளியையும் குத்தகையாளரையும் பாதிக்கப்பட்ட குடும்பமாக அது எண்ணியது. உத்தரமேரூர்க் கல் எண்ணாதவரை, எல்லிஸ் எண்ணாதவரை, ஒரு சட்டம் முதன்முதலாக எண்ணியது என்றே யான் அதனைக் கருதுகிறேன். ஆனால் தொழில்நோக்கத்துக்கு நிலம் எடுக்கும் தமிழக அரசின் 1997ஆம் ஆண்டுச் சட்டம், மத்தியச் சட்டத்தின் நடைமுறைகள் பலவற்றிலிருந்து விலக்குப் பெற்றது. சென்னை உயர்நீதிமன்றம் 2019இல் அதனைச் செல்லாதென்றது. சட்டமன்றம் மீண்டும் இயற்றிய சட்டத்தை உச்சநீதிமன்றம் 2021இல் ஏற்றது. 2022இல் பரந்தூர் விமான நிலையத் திட்டம் அறிவிக்கப்பட்டபோது ஏகனாபுரம் மக்கள் எழுப்பிய குரலிலும் ஏரியும் வயலும் முன்நின்றன.

1980இல் கர்ணம், மணியகாரர் பதவிகள் ஒழிந்தன. பரம்பரைப் பதவி ஒழிந்தது நன்றே. ஆனால் அவர்களோடு ஊரின் நிலப்பெயர்களும் ஒழியத் தொடங்கின. ஓலையில் பெயராயிருந்த வயல், காகிதத்தில் புல எண்ணாயிற்று. காணி ஏக்கராகி, ஏக்கர் ஹெக்டேர் ஆயிற்று. ஆயினும் பெயர்கள் இன்னும் சிலர் நாவில் உள்ளன. மதகு ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, கழனிக்கு உண்டு, கலங்கலை அடுத்த மேட்டுக்கும் உண்டு. இவற்றைத் தொகுப்பதை ஆய்வுத் தலைப்பாகக் கொள்ளும் மாணவர் முதலில் வட்டாட்சியர் அலுவலகத்துக்குச் செல்ல வேண்டா. மழைக்காலத்தில், ஏரி நிரம்பியிருக்கும் ஒரு காலைப்பொழுதில், கரைமீது செல்க. ஊர்ப் பெரியவரிடமும் கேட்க. சேரியில் முதியவரிடமும் கேட்க. இருவரும் ஒரே மேட்டுக்கு வெவ்வேறு பெயர் கூறினால் இரண்டையும் எழுதிக்கொள்க. அதன்பின் 'அ' பதிவேட்டை வாங்கி, அப்பெயர்களுக்கு நேரே எந்தப் புல எண், யார் பெயர் உள்ளது என்று பார்க்க.